தொட்டி நிறைந்தால் அடிக்கும் மணி

சட்டைக்குப் பொத்தான் தைக்கும் மெஷினில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவளைத் தையல் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் பொத்தானக்கா. மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார், கேட்டில் நிற்கும் காவலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கடவுள் ஆளுக்கொரு குணத்தை அளந்து போட்டபோது, இவள் பங்குக்குப் பயத்தைக் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பாள். பஸ் டிரைவர் கொட்டாவி விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் கூடிவரவில்லை. அந்தத் தங்கைக்குத் தினமும் காலையில் போன் போட்டு, கேஸை மூடினாயா, கதவைச் சாத்தினாயா, படியில் எண்ணெய் கிண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று கேட்டால்தான் அவளுக்கு அன்றைய வேலை ஓடும். தங்கையின் புருஷன் பார்சல் வேன் ஓட்டுகிறவர், கேலிக்காரர். உங்க அக்கா போன் வரலைன்னா இன்னும் பொழுது விடியலைன்னு அர்த்தம் என்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். பொத்தானக்காவுக்கும் சிரிப்பு வந்துவிடும். பயந்த சுபாவம் என்று பேர் வாங்கினவர்களுக்கு அந்தப் பேரே ஒரு போர்வை மாதிரி, உள்ளே சுருண்டு படுத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவள் கையில் ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் ராடு வந்தது எப்படி என்றால், அதற்கும் பொத்தான் மெஷின்தான் காரணம். ஒருநாள் அது நின்றுபோயிற்று. மெக்கானிக் வந்து மிதிகட்டைக்கு மேலே இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சை அட்டையில் அரிசி மணி போலச் சின்னச் சின்னச் சாமான்கள், ஒவ்வொன்றின் மேலும் கலர் கலராகக் கோடு. அது என்ன என்று கேட்டாள். ரெசிஸ்டர், கரண்டை மட்டுப்படுத்தும், எவ்வளவு மட்டுப்படுத்தும் என்பதைத்தான் அந்தக் கோடுகள் சொல்லும் என்றார். நூல்கண்டில் இருநூறு சாயல்களை இருட்டிலும் பிரித்தெடுக்கிறவளுக்கு அது போதுமாக இருந்தது. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று என்று மெஷின் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தாள்.

சாமான் வாங்கப் போன இடம் பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சந்து. அதில் ஒருத்தர் உடைந்த ரேடியோ, ரிமோட், பொம்மை, கடிகாரம் எல்லாவற்றின் அட்டைகளையும் கழற்றிச் சாக்கில் கொட்டி, காய்கறி மாதிரி எடை போட்டு விற்பார். சந்து முழுக்க அவர் பேர் தராசுக்காரர். புதுச் சாமான் ஒன்று வாங்குவதற்குப் பதில் அவரிடம் அரைக்கிலோ அட்டை வாங்கினால், சூடு காட்டிச் சாமான்களைப் பிடுங்கி, மருந்து டப்பாக்களில் வகை பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். முதல் வாரம் பாதியைக் கருக்கினாள். மாசம் மூன்று ஆனதும், எந்தக் காலில் எத்தனை நொடி சூடு காட்டினால் அட்டை விட்டுக்கொடுக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தாள். தான் செய்யும் எதுவும் சுவரில் இருக்கும் பிளக்கோடு சேரக் கூடாது. பேட்டரி மட்டும்தான். பேட்டரி கடிக்காது. சால்டரிங் ராடைச் சொருகும்போதுகூட ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, கடவுளே என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள்.

பேட்டரியிலேயே என்னென்னவோ செய்தாள். பெட்டியைத் திறந்தால் எரியும் விளக்கு. முதல் மழைத்துளி விழுந்ததும் கூவி, காய்கிற துணியை எடுக்கச் சொல்லும் மணி. அந்த மழை மணிதான் பிறகு தொட்டி மணி ஆயிற்று. தங்கை வீட்டுக் கொல்லைப்புறத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. தங்கைக்குத் தொழிலே துணி வெளுப்பதுதான். இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வீட்டில் துவைத்துக் கொடுக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். வேலை மும்முரத்தில் குழாயை மூட மறந்தால் தண்ணீர் வழிந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும், அந்த வீட்டம்மா தெருவே கூடும்படி கத்துவார். அதற்காகத்தான் தொட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகளைப் பொத்தானக்கா கொஞ்சம் உள்ளே தொங்கவிட்டாள். தண்ணீர் நிறைந்து கம்பிகளைத் தொட்டால் மணி அடிக்கும். தங்கை ஓடிப்போய் வால்வை மூடிவிடுவாள்.

நன்றாகத்தான் இருந்தது, பேட்டரி தீரும்வரை. இரண்டு தரம் பேட்டரி தீர்ந்தது தெரியாமல் தண்ணீர் வழிந்தது, இரண்டு தரமும் அடுத்த வீட்டம்மாவோடு சண்டை. வேன்காரர் அதையும் கேலியாக்கினார். உலகமே பிளக்கில ஓடுது, உங்க அக்கா மட்டும் பேட்டரியில ஓடறாங்க என்றார். அன்று அந்தக் கேலி ஏனோ கொஞ்சம் தைத்துவிட்டது.

சார்ஜ் போட்டுக்கொள்ளும் மலிவு டார்ச் ஒன்று அவள் டப்பாக்களுக்கு நடுவில் கிடந்தது. பல்பு போய்விட்டது, உள்ளே அட்டையும் குட்டி பேட்டரியும் நன்றாக இருந்தன. பிளக்கில் சொருகியே வைத்தால் பேட்டரி தீரவே தீராது. வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்து, வெளியே வரும் இரண்டு ஒயருக்கும் நடுவில் அளந்தாள். நாலு வோல்ட் காட்டியது. மூன்று தரம் அளந்தாள், மூன்று தரமும் நாலேதான். நாலு வோல்ட் யாரை என்ன செய்யும்? போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தன் சட்டத்தைத் தானே மீறி, அந்த அட்டையைத் தங்கை வீட்டுத் தொட்டி மணியில் பொருத்திக் கொல்லைச் சுவரில் இருந்த பிளக்கில் சொருகிவிட்டு வந்தாள். வேன்காரர் கைதட்டினார்.

கம்பெனியில் இரண்டு பேர் தங்களுக்கும் அப்படி ஒரு மணி வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் வார நடுவில் வந்த ஒரு விடுமுறை நாளில், மத்தியானம் ஒரு மணி வாக்கில், அவள் தராசுக்காரர் கடைக்குப் போய் டார்ச் அட்டை இரண்டு கேட்டாள்.

அவர் சாக்கில் கைவிட்டுத் துழாவிக்கொண்டே எதற்கு என்று கேட்டார். தொட்டி மணிக்கு என்றாள். அவர் கை நின்றது.

"தொட்டின்னா? தண்ணித் தொட்டியா?"

"ஆமாண்ணே. தங்கச்சி வீட்ல ஒண்ணு போட்டிருக்கேன். அருமையா ஓடுது."

"இந்த அட்டையோட ஒயரு தண்ணிக்குள்ள போவுதா?"

நாலு வோல்ட்தான், மூன்று தரம் அளந்தேன் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்த்து அவள் குரல் தேய்ந்தது. அவர் ஓர் அட்டையை எடுத்துப் பழுப்பு நிறத்தில் மிட்டாய் போல ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சாமானைக் காட்டினார். நல்ல சார்ஜரில் நடுவில் டிரான்ஸ்பார்மர் என்று ஒரு சுவர் இருக்கும், வீட்டுக் கரண்டு அந்தப் பக்கம், நம் கரண்டு இந்தப் பக்கம். இதில் சுவரே கிடையாது, விலை குறைக்க இந்த மிட்டாயை மட்டும் வைத்துவிட்டான், வீட்டுக் கரண்டு நேரே உள்ளே வருகிறது என்றார்.

"நாலு வோல்ட்டுன்னு மீட்டரு பொய் சொல்லல. எட்டாவது மாடிப் படியில நின்னுக்கிட்டு, இந்தப் படிக்கும் அடுத்த படிக்கும் அரையடிதானேன்னு சொல்ற மாதிரி அது. விழுந்தா அரையடியா விழுவ? மீட்டரோட ஒரு முள்ள ஒயர்லயும் இன்னொரு முள்ள ஈரத் தரையிலயும் வெச்சுப் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்றே தெரியாது.

டார்ச்சில் பிளாஸ்டிக் உடம்பு மூடியிருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை என்றார் அவர். பிளக்கில் இரண்டே கால்தானே, ஒரு பக்கமாகச் சொருகினால் தப்பிக்கலாம், திருப்பிச் சொருகினால் முழுக் கரண்டும் தண்ணீரில் நிற்கும். அதே பாயிண்டில்தான் தங்கை இஸ்திரிப் பெட்டியும் சொருகுவாள் என்பது பொத்தானக்காவுக்கு அப்போது நினைவு வந்தது. எத்தனை தரம் பிடுங்கியிருப்பாள், எத்தனை தரம் எந்தப் பக்கமாகச் சொருகியிருப்பாள்?

இன்று தண்ணீர் வரும் நாள். கடைச் சுவரில் மணி ஒன்றரை.

தங்கைக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. துவைக்கும் நேரத்தில் போன் உள்ளறை அலமாரியில் இருக்கும், வாஷிங் மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அடுத்த வீட்டு நம்பர் கிடையாது, சண்டைக்குப் பிறகு அதை அழித்துவிட்டார்கள். தராசுக்காரர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் காதில் விழவில்லை. கால் தானாகவே பஸ் நிறுத்தத்துக்கு ஓடிற்று.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேன்காரருக்குப் போட்டாள். எடுத்தார். எடுத்தவுடனே, கேஸ் மூடியாச்சு, கதவு சாத்தியாச்சு, படி துடைச்சாச்சு, வேற என்னக்கா என்றார். இத்தனை வருஷம் அவள் சொன்ன பயமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வரிசையாக வந்து நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது. புலி வருது புலி வருது என்று கத்தினவன் கதைதான். நிஜமாகப் புலி வரும் அன்றைக்கு எந்தக் குரலில் சொல்வது?

அவள் மெதுவாகவே சொன்னாள். தொட்டி மணியில் தப்புச் செய்துவிட்டேன், அதில் வீட்டுக் கரண்டு வருகிறது, அவளைத் தொட்டிப் பக்கம் போகவிடாதீர்கள்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. வேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது, ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

"அக்கா," என்றார். "நாலஞ்சு நாளா தண்ணி சுள்ளுங்குதுன்னு சொல்லிட்டு இருந்தா. கையில எறும்பு கடிச்ச மாதிரின்னா. சுவர்ல ஈரம், அதான்னு நான்தான் சொன்னேன்."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீங்க பயந்துடுவீங்கன்னு அவதான் சொல்ல வேணாம்னா."

அவர் இருந்தது ஊருக்கு வெளியே, ஒன்றரை மணி நேரத் தொலைவில். திரும்பி வருகிறேன் என்றார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

பஸ் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. டியூஷன் முடிந்த பிள்ளைகள் ஒரு கூட்டம் ஏறிற்று, கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டார், ஒரு பெரியவர் இறங்க மறந்து மணியை அடிக்கச் சொன்னார். உலகம் தன்பாட்டுக்கு நிதானமாக நடந்துகொண்டிருந்தது. பொத்தானக்கா மட்டும் மனசுக்குள் தொட்டியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி இருக்கும்போது ஆபத்தில்லை. முக்கால் ஆனாலும் ஆபத்தில்லை. கம்பியைத் தொடும்வரை அது வெறும் தண்ணீர். தொட்டவுடன் மணி அடிக்கும். அடித்தால் அவள் ஓடிவருவாள், ஈரக் காலோடு. மணி அடித்தால் உடனே ஓடி வா என்று சொல்லிக்கொடுத்தது யார்? வால்வு இரும்பு, குழாய் இரும்பு, அது மண்ணுக்குள் போகிறது. ஒரு கை அதன்மேல் இருக்கும், இன்னொரு கை தண்ணீரில் படும். எறும்பு கடித்ததெல்லாம் செருப்புப் போட்டிருந்த நாளாக இருக்கும்.

அவளுக்குக் கடவுளிடம் நீளமாகக் கேட்கத் தெரியாது. என் பயத்தை எல்லாம் எடுத்து, இன்னும் அரைமணி நேரத்துக்குத் தங்கைக்குக் கொடு என்று கேட்டாள்.

இறங்கும்போது மணி இரண்டு பத்து. நிறுத்தத்திலிருந்து வீடு நாலு சந்து. நாற்பத்தாறு வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரு செருப்பின் வார் அறுந்தது, மற்றதையும் உதறிவிட்டு ஓடினாள். மூன்றாவது சந்தில் மூச்சு நெஞ்சுக்கூட்டில் குத்திற்று. நாலாவது சந்து திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டது.

கீ, கீ, கீ. அவள் மணி. ஒரு பொம்மைக் காரிலிருந்து பிடுங்கி, தெருவரைக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சத்தம் கூட்டினது. இப்போது தெருவரைக்கும் கேட்டது.

முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் மெயின் சுவிட்ச். கொல்லைக்கு ஓடுவதா, இதை இழுப்பதா என்று யோசிக்க ஒரு கணம்கூட இல்லை. வாழ்நாளில் தொட்டிராத அந்த இரும்புப் பிடியை, வியர்வைக் கையோடு, வெறும் காலோடு, கீழே இழுத்தாள். துணி மெஷினின் உறுமல் தேய்ந்து நின்றது. மின்விசிறி நின்றது.

மணி மட்டும் நிற்கவில்லை. கீ, கீ, கீ.

கரண்டை நிறுத்தியும் மணி அடிக்கிறது என்றால் கரண்டு நிற்கவில்லை. தப்பான பிடியை இழுத்துவிட்டேன். "தொடாதேடி," என்று கத்தினாள். தன் குரல் அவளுக்கே தெரியாத குரலாக இருந்தது. "தொட்டியத் தொடாதே. நில்லு."

கொல்லை வாசலுக்குப் போனபோது தங்கை நின்றுகொண்டிருந்தாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, வெறும் காலோடு, ஈரத் தரையில். வால்வை நோக்கி நீட்டின கை, ஒரு சாண் இடைவெளியில், அந்தரத்தில் நின்றது. தொட்டி நிறைந்து தண்ணீர் விளிம்பில் வழிந்து கொண்டிருந்தது.

"என்னக்கா?" என்றாள். அக்காவின் காலில் செருப்பில்லை என்பதை முதலில் பார்த்தாள். அவள் முகம் மாறிற்று.

பொத்தானக்கா தங்கையின் தோளைப் பிடித்து இழுத்து, கதவுக்கு இந்தப் பக்கம் உலர்ந்த தரையில் நிறுத்தினாள். அங்கே கிடந்த தங்கையின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கொடியில் தொங்கிய காய்ந்த விரிப்பு ஒன்றைக் கையில் சுற்றி, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

அப்போதும் மணி அடித்தது.

அப்போதுதான் புரிந்தது. டார்ச்சுக்குள் இருந்த அந்தக் குட்டி பேட்டரி. ஒன்றரை வாரமாகக் கரண்டு குடித்துக் கொழுத்துப்போய் இருக்கிறது, அது பாட்டுக்கு அடிக்கிறது. அடிப்பது வெறும் நாலு வோல்ட். இப்போதுதான் நிஜமாகவே வெறும் நாலு வோல்ட்.

தங்கைக்கு எல்லாவற்றையும் நாலு வார்த்தையில் சொன்னாள். தங்கை தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து எதற்கும் அஞ்சாதவள், இருட்டில் தனியாக மாடிக்குப் போகிறவள், அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டே வளர்ந்தவள், இப்போது கதவுச் சட்டத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. தண்ணீர் வழிந்து சுவருக்கு அந்தப் பக்கம் போகத் தொடங்கியிருந்தது. அடுத்த வீட்டம்மாவின் குரல் கேட்டது, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா, இந்த வீட்ல மனுஷங்க இருக்காங்களா இல்லையா என்று.

இருக்கிறார்கள், இருக்கிறார்கள் என்று பொத்தானக்கா மனசுக்குள் சொன்னாள். திட்டு வாங்குவது அவ்வளவு இனிப்பாக அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"வால்வ மூடணுமே," என்றாள் தங்கை. நகரவில்லை.

"நான் மூடறேன்."

"வேணாம்க்கா. பேசாம இரு. தானா நிக்கட்டும்."

"தானா சாயங்காலம்தான் நிக்கும்."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

பொத்தானக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "சுள்ளுன்னு இருந்தப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் பயந்தா என்ன ஆயிடும்? தினமும் பயந்துக்கிட்டுத்தானே இருக்கேன். அதோட இதுவும் ஒண்ணு."

தங்கை புடவைச் செருகலை அவிழ்த்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பிளக் தரையில் கிடப்பதைப் பொத்தானக்கா பார்த்தாள். மெயின் பிடி கீழே இருப்பதை எட்டிப் பார்த்தாள். மறுபடி பிளக்கைப் பார்த்தாள். மூன்று தரம் ஆயிற்று. நாலாவது தரம் பார்க்கத் திரும்பினவள், பார்க்காமல் நின்றாள். தனக்குத் தெரிந்ததெல்லாம் சரி என்று நேற்றுவரை நினைத்திருந்தாள், நாலு வோல்ட் என்று மூன்று தரம் அளந்தவளும் அவள்தான். இந்தத் தண்ணீர் செத்த தண்ணீர்தான் என்பதற்கு இனி மீட்டர் சாட்சி இல்லை. யாராவது ஒருவர் தொட்டால்தான் உண்டு. அந்த ஒருவர் தங்கையாக இருக்கக் கூடாது.

கடவுளே என்று ஒருமுறை சொன்னாள். வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையின் புறங்கையால், சூடு பார்ப்பவளைப் போல, தண்ணீரைத் தொட்டாள்.

ஒன்றுமில்லை. குளிர்ச்சியாக இருந்தது.

மணிக்கட்டுவரை விட்டாள். முழங்கைவரை விட்டாள். தொங்கிக்கொண்டிருந்த இரண்டு செம்புக் கம்பிகளையும் விரலால் கோர்த்து வெளியே எடுத்தாள். மணி நின்றது. பிறகுதான் வலது கையை நீட்டி இரும்பு வால்வைத் திருகினாள். வியர்த்த கையில் அது இரண்டு தரம் வழுக்கியது, மூன்றாவது தரம் இறுகியது.

தண்ணீர் நின்ற பிறகு அவள் இடது கையை மறுபடி தொட்டிக்குள் விட்டாள், எடுக்கவில்லை. தங்கை இரண்டு தரம் கூப்பிட்டாள். கதவைத் தாண்டி வர அவளுக்கு இன்னும் கால் வரவில்லை.

"வா," என்றாள் பொத்தானக்கா. "என் கை உள்ளதான் இருக்கு. நீ வர்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்."